சர்ஜரிக்கு முன்னாடி கீமோ, கூட இன்னொரு மருந்து: வாய் கேன்சர் டிரையல்ல என்னதான் பண்றாங்க?

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எங்க மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவோட தம்பி, மும்பைல தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் வீடு, விடியக்காலைல இட்லி அவிச்சு சைக்கிள்ல வெச்சு மாட்டுங்கா வரைக்கும் கொண்டு போய் விக்கிறவர். சாப்பிட உக்காந்தப்ப இட்லிய பொடிப்பொடியா பிச்சு உதட்டுக்கு நடுவுல சொருகுற மாதிரி வெச்சுக்கிட்டு இருந்தார். "என்ன மாமா வாயத் தொறக்க முடியலையா"ன்னேன், "பல்லு வலி மாப்ள, ஒரு மாசமா இருக்கு"ன்னார். மூணு விரல ஒண்ணா சேத்து மேலயும் கீழயுமா நிக்கிற மாதிரி வாய்க்குள்ள விட்டுப் பாருங்கன்னு சொன்னேன், ரெண்டு விரலே இடிச்சுது. அத்தை அடுப்படில இருந்து எட்டிப் பாத்து "எல்லாம் அந்த மாவா, பாக்கு புகையிலைக் கலவை, வாயில போட்டு வந்த வினை"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

பயாப்சி, ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு ரிப்போர்ட் வந்தப்ப கன்னத்தோட உள்பக்கத்துல ஆரம்பிச்ச புண்ணு கீழ்த்தாடை ஈறு வரைக்கும் வந்திருக்கு, கழுத்துலயும் ஒரு கட்டி இருக்குன்னு சொன்னாங்க. டாக்டர் பொறுமையா ஹிந்தில சொன்னார், ஆபரேஷன் பண்ணலாம், ஆனா இங்க ஒரு டிரையல் நடக்குது, விருப்பம் இருந்தா சேரலாம், எல்லாருக்கும் முதல்ல கீமோ, அதுல பாதி பேருக்கு கூட இன்னொரு மருந்து, அதுக்கப்புறம் சர்ஜரின்னு. நான்தான் தமிழ்ல மாத்தி மாத்தி சொல்லிட்டு இருந்தேன். மச்சான் "நம்மள வெச்சு சோதனை பண்றாங்க"ன்னு கொதிச்சான், மாமா "ரெண்டு மருந்துன்னா ரெண்டு மடங்கு குணமாவும்ல"ன்னார். ரெண்டு பேரு சொன்னதும் சரியில்ல, ஆனா அன்னைக்கு எனக்கும் எடுத்துச் சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் டாக்டர்கிட்டயும் டிரையல் ஆளுங்ககிட்டயும் கேட்டு கேட்டு, படிச்சு படிச்சு புரிஞ்சுக்கிட்டத இங்க எழுதுறேன், நான் டாக்டர் இல்ல, ஆனா சயான், செம்பூர், தாராவின்னு நம்மாளுங்க வீட்ல இந்தப் பேச்சு வர்றப்போ யாராவது ஒருத்தருக்கு உதவும்.

முதல்ல வழக்கமான ரூட்ட சொல்லிடுறேன். வாய் கேன்சர், ஆபரேஷன் பண்ற நிலைமைல இருந்தா, முதல்ல சர்ஜரி. கட்டிய மட்டும் வழிச்சு எடுக்கிறது கிடையாது, சுத்தி நல்ல சதையும் கொஞ்சம் சேத்து எடுப்பாங்க, எலும்பத் தொட்டிருந்தா எலும்பும் போகும், கழுத்துல இருக்கிற நெணநீர் முடிச்சுகளையும் எடுப்பாங்க. கழுத்துல ஒண்ணுமே தெரியலன்னாலும் முதல்லயே எடுத்துடுறது நல்லதா, இல்ல வந்தா பாத்துக்கலாமான்னு ரொம்ப நாளா டாக்டருங்களுக்குள்ளயே சண்டை இருந்துச்சு, அத முடிச்சு வெச்சதே நம்ம பரேல்ல இருக்கிற டாடா மெமோரியல் ஹாஸ்பிடல் பண்ண டிரையல்தான், 2015ல ரிசல்ட் வந்துச்சு, முதல்லயே கழுத்த சுத்தம் பண்ணவங்கள்ல மூணு வருஷம் கழிச்சு 80 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, காத்திருந்து பண்ணவங்கள்ல 67.5 சதவீதம். இன்னைக்கு உலகத்துல நெறைய இடத்துல முடிவு பண்றப்போ அதையும் பாக்குறாங்க. அந்த டிரையல்ல பேர் குடுத்தவங்களும் மாமா மாதிரி யார் யாரோட மாமாதான். சர்ஜரிக்கு அப்புறம் தேவைப்பட்டா ஒரு ஆறு வாரம் ரேடியேஷன், சில பேருக்கு ரேடியேஷனோட கீமோ.

அப்போ கீமோவ ஏன் முன்னாடி கொண்டு வர்றாங்க? கட்டி பெருசா இருந்தா சுருக்கிடலாம்ங்கிறது ஒரு காரணம். கத்தி வைக்கவே முடியாதுன்னு ஒதுக்கின கட்டில சிலது கீமோவுக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ற அளவுக்கு வந்திருக்கு. உடம்புல வேற எங்கயாச்சும் ஸ்கேன்ல தெரியாத அளவுக்கு கேன்சர் செல்லு சிந்தியிருந்தா அதையும் சீக்கிரமா அடிச்சிடலாம்ங்கிறது இன்னொரு காரணம். மூணாவதுதான் மாமா மாதிரி ஆளுங்களுக்கு முக்கியம், தாடை எலும்பு. தாடைல ஒரு பக்கத்தையே எடுத்துட்டா மெல்லுறது, பேசுறது, முகம், எல்லாமே மாறிடும். முன்னாடியே கீமோ குடுத்தா எலும்ப காப்பாத்த முடியுமான்னு டாடா மெமோரியல்ல 68 பேர வெச்சு ஒரு டிரையல் பண்ணி 2022ல போட்டிருக்காங்க, கீமோ வாங்கின 34 பேர்ல 16 பேருக்கு தாடைய காப்பாத்த முடிஞ்சுது, அதனால கேன்சர் அதிகமா திரும்பி வந்த மாதிரியும் தெரியல. 68 பேர்ங்கிறது சின்ன நம்பர்தான், ஆனாலும் நம்பிக்கை குடுக்குற நம்பர்.

கீமோன்னா அங்க பெரும்பாலும் மூணு மருந்து பேரு காதுல விழும், சிஸ்பிளாட்டின், டோசிடாக்சல், ஃபைவ் எஃப்யூ. 21 நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு மூணு தடவை. சிஸ்பிளாட்டின் கிட்னியையும் காதையும் பாதிக்கும், அதனால முன்னாடியும் பின்னாடியும் பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்துவாங்க, கிட்னி ஒழுங்கா வேல செய்யுதான்னு ரத்தத்துல கிரியாட்டினின் பாப்பாங்க. டோசிடாக்சல் முடியக் கொட்ட வெச்சு வெள்ளை அணுக்கள எறக்கிடும், அந்த நேரத்துல காய்ச்சல் வந்தா நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும், காலைல பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது. ஃபைவ் எஃப்யூ வாய்ப்புண்ணையும் வயித்துப்போக்கையும் கொண்டு வரும்.

இப்போ நான் சொல்லப் போறதுதான் எனக்கு புரியறதுக்கே ரொம்ப நாள் ஆன விஷயம், தயவு செஞ்சு இந்த இடத்துல மட்டும் மெதுவா படிங்க. கட்டி சுருங்குறது வேற, ஆளு கூடுதல் நாள் நல்லா இருக்கிறது வேற.

ஷாங்காய்ல 256 பேர வெச்சு ஒரு பெரிய டிரையல் பண்ணாங்க, 2013ல ரிசல்ட் வந்துச்சு. எல்லாருக்கும் ஆபரேஷன் பண்ணக்கூடிய, ஆனா முத்தின வாய் கேன்சர். ஒரு குரூப்புக்கு நேரா சர்ஜரி, அப்புறம் ரேடியேஷன். இன்னொரு குரூப்புக்கு நான் மேல சொன்ன மூணு மருந்து கீமோ ரெண்டு தடவை, அப்புறம்தான் சர்ஜரியும் ரேடியேஷனும். கீமோ வாங்கினவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல கட்டி நல்லா சுருங்குச்சு. பாக்குற எவனுக்கும் ஆஹா ஜெயிச்சாச்சுன்னுதான் தோணும், வீட்ல பாயாசமே வெச்சிருப்பாங்க. ஆனா கடைசில எத்தன பேர் உயிரோட இருக்காங்கன்னு கணக்கு பாத்தா ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. அதுக்கும் முன்னாடி 2003ல மிலான்ல 195 பேர வெச்சுப் பண்ணதுலயும் இதே கதைதான், உயிர் பிழைக்கிறதுல மாத்தம் இல்ல, ஆனா தாடை எலும்ப எடுக்க வேண்டி வந்தது கீமோ இல்லாதவங்கள்ல 52 சதவீதம், கீமோ வாங்கினவங்கள்ல 31 சதவீதம்.

ஷாங்காய் டிரையல்ல இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க. வெட்டி எடுத்த கட்டிய மைக்ராஸ்கோப்ல பாக்கும்போது அதுல உயிருள்ள கேன்சர் செல்லு ரொம்ப கம்மியா இருந்துச்சுன்னா, அந்த ஆளுங்க மத்தவங்கள விட நல்லா இருந்தாங்க. ஆனா அப்படி ஆனவங்க ஒரு கால்வாசி சொச்சம் பேர்தான். அப்போ அடுத்த கேள்வி தானா வருதுல்ல, இந்த கால்வாசிய எப்படி பாதியா ஆக்குறது? கீமோவோட இன்னொண்ண சேத்தா நடக்குமா? டிரையல்ல சேர மாமாவுக்கு நீட்டின சம்மத ஃபாரம் இந்தக் கேள்வியோட ஒரு துண்டுதான்.

என்ன மருந்த சேக்குறாங்கன்னா, பெரும்பாலும் ரெண்டு வகை. முதல் வகை, கேன்சர் செல்லோட மேல்பக்கத்துல இருக்கிற ஒரு சுவிட்ச வேல செய்ய விடாம தடுக்கிறது. தலை கழுத்து கேன்சர்ல பெரும்பாலானதுல இ.ஜி.எஃப்.ஆர்.ன்னு ஒரு சுவிட்ச் எக்கச்சக்கமா இருக்கும், அது வளரு வளருன்னு செல்லுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும். செடுக்சிமாப், நிமோடுசுமாப் ஊசி, எர்லோடினிப் மாத்திரை எல்லாம் அந்த சுவிட்ச மறிக்கிறது. ரெண்டாவது வகை இம்யூனோதெரபி, நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி. நம்ம உடம்புல காவல் காக்குற வெள்ளை அணுக்கள "நான் நம்மாளுதான், விட்டுரு"ன்னு கேன்சர் ஏமாத்தி நிப்பாட்டி வெச்சிருக்கும், இந்த மருந்து அந்த ஏமாத்து வேலைய கலைச்சு விடுது. இது போக செலிகாக்சிப், மெட்ஃபார்மின்னு வேற வியாதிக்கு வந்த பழைய, விலை கம்மியான மாத்திரைங்களையும் சேத்துப் பாக்குறாங்க, நம்ம நாட்டுக்கு அது பெரிய விஷயம்.

சர்ஜரிக்கு முன்னாடிங்கிற அந்த கொஞ்ச வாரத்த ஏன் டெஸ்ட் பண்ண தேர்ந்தெடுக்கிறாங்கன்னு கேட்டா, ரொம்ப அழகான காரணம் இருக்கு. இம்யூனோதெரபிக்கு கட்டி உடம்புக்குள்ள இருக்கிறதே ஒரு வசதி, எதிரி யாருன்னு அணுக்களுக்கு அதப் பாத்துப் பழக முடியும். அதோட, மருந்துக்கு முன்னாடி எடுத்த பயாப்சி துண்டு கைல இருக்கு, மருந்துக்கு அப்புறம் கட்டி முழுசா ஆபரேஷன்ல வெளிய வருது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம். ஆபரேஷன்ல எடுத்தது பத்தாலஜி லேபுக்கு போகும், ஃபார்மலின்ல ஊற வெச்சு, வெங்காயம் நறுக்குற மாதிரி துண்டு துண்டா போட்டு, மெழுகுல பதிச்சு, முடிய விட மெல்லிசா சீவி, கண்ணாடில ஒட்டி, சாயம் போட்டுப் பாப்பாங்க. ஒரு உயிருள்ள கேன்சர் செல்லு கூட இல்லன்னா அதுக்கு முழு பத்தாலஜி ரெஸ்பான்ஸ்னு பேரு. பத்து சதவீதமோ அதுக்கு கம்மியோ மிஞ்சியிருந்தா பெரிய ரெஸ்பான்ஸ்ம்பாங்க. மருந்து வேல செஞ்சுதான்னு வருஷக்கணக்கா காத்திருக்காம சில வாரத்துலயே ஒரு துப்பு கெடைச்சிடுது. துப்புதான், தீர்ப்பு இல்ல, அத மறந்துடக் கூடாது.

உதாரணத்துக்கு சீனாவுல 2022ல வந்த ஒரு சின்ன டிரையல், 30 பேரு, கீமோவோட காம்ரெலிசுமாப்னு ஒரு இம்யூனோதெரபி மருந்து சேத்து, அப்புறம் சர்ஜரி. ஆபரேஷன் பண்ண 27 பேர்ல 10 பேருக்கு வெட்டி எடுத்ததுல கேன்சரே இல்ல. நானே அதப் படிச்சப்போ எழுந்து ரூமுக்குள்ள நடந்தேன். ஆனா அங்க ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப் கெடையாது, வெறும் கீமோ மட்டும் குடுத்திருந்தா அதே ஆளுங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு தெரியாது. அதனாலதான் அடுத்த படி வேணும், ஆளுங்கள ரெண்டா பிரிச்சு பண்றது.

இத மாமாவுக்கு அவரோட தொழிலயே வெச்சுதான் சொன்னேன். இட்லி நல்லா பூத்து வரணும்னு புதுசா ஏதோ ஒண்ண மாவுல போட்டுப் பாக்குறீங்கன்னு வெச்சுக்கோங்க, அன்னைக்கு அரிசியும் மாத்தி, உளுந்தும் மாத்தி, மழையும் பெய்ஞ்சா, இட்லி நல்லா வந்ததுக்கு எது காரணம்னு எப்படி சொல்லுவீங்க? ஒரே மாவ ரெண்டு பாத்திரத்துல பிரிச்சு, ஒண்ணுல மட்டும் புதுசப் போட்டு, ஒரே கொப்பரைல ஒரே நேரம் அவிச்சாதான தெரியும். அவரு உடனே "ஆமா, மாவ பிரிக்கிறப்ப நல்லா பொங்கினத ஒரு பக்கமும் பொங்காதத இன்னொரு பக்கமும் ஊத்திடக் கூடாதுல்ல"ன்னார். அதேதான். அதனாலதான் யாருக்கு எந்த குரூப்னு டாக்டர் முடிவு பண்றதில்ல, கம்ப்யூட்டர் சீட்டு குலுக்கிப் போடுற மாதிரி பிரிக்குது. டாக்டர் கைல விட்டா தெம்பா இருக்கிறவங்கள தெரியாமயே புது மருந்து பக்கம் தள்ளிடுவாரு, அப்புறம் மருந்து ஜெயிச்சுதா, தெம்பு ஜெயிச்சுதான்னு யாருக்கும் தெரியாது.

அப்படியே இன்னொரு பயத்தையும் தீத்துடுறேன், வெறும் சக்கரைத் தண்ணிய குடுத்து ஏமாத்திடுவாங்களோன்னு. கேன்சருக்கு ஏற்கனவே வேல செய்யுற வைத்தியம் இருக்கும்போது அத நிப்பாட்டிட்டு டம்மி குடுக்க விடமாட்டாங்க. ரெண்டு குரூப்புக்கும் அடிப்படை வைத்தியம் உண்டு, ஒரு குரூப்புக்கு மேல ஒண்ணு கூட, அவ்வளவுதான்.

சரி, கூட ஒண்ணு சேந்தா லாபம்தானன்னு தோணும். இல்லைங்க. ரேடியேஷனும் சிஸ்பிளாட்டினும் குடுக்கிறவங்களுக்கு செடுக்சிமாப சேத்துப் பாத்தாங்க, 891 பேரு, 2014ல முடிவு வந்துச்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல, வாய்ப்புண்ணும் தோல் பிரச்சினையும்தான் கூடுச்சு. அப்புறம் அதே ரேடியேஷன் கீமோவோட அவெலுமாப், 697 பேரு, பலன் இல்ல. பெம்ப்ரோலிசுமாப், 804 பேரு, கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சுது, ஆனா தற்செயலா வந்திருக்காதுன்னு சொல்ற அளவுக்கு இல்ல. இதெல்லாம் கத்துக்குட்டிங்க பண்ணதில்ல, உலகத்துலயே பெரிய டாக்டருங்க வேல செய்யும்னு நம்பி ஆரம்பிச்சது. டெஸ்ட் பண்ணாம நேரா எல்லாருக்கும் குடுத்திருந்தா எத்தன குடும்பம் நகைய வித்து பலனில்லாத மருந்த வாங்கியிருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. மருந்து கிடைக்காத குரூப்ல விழுந்தா நஷ்டம்னு நெனைக்கிறது அதனாலதான் தப்பு, எந்தப் பக்கம் லாபம்னு தெரியாததாலதான் டிரையலே நடக்குது.

ஜெயிச்சதும் இருக்கு. அதே பெம்ப்ரோலிசுமாப் சர்ஜரிக்கு முன்னாடி ரெண்டு டோஸ், சர்ஜரிக்கு அப்புறமும் தொடர்ந்துன்னு குடுத்த கீநோட் 689 டிரையல், 714 பேரு. மூணு வருஷம் கழிச்சு நோய் முத்தாம, திரும்பாம இருந்தவங்க மருந்து வாங்கினவங்கள்ல 57.6 சதவீதம், வாங்காதவங்கள்ல 46.4 சதவீதம். முன்னாடியே மருந்து குடுத்ததால சர்ஜரி கைவிட்டுப் போனவங்கன்னு பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். 2025 ஜூன்ல அமெரிக்கால அனுமதி குடுத்துட்டாங்க, கட்டில பி.டி.எல்-1ங்கிற அடையாளம் இருக்கிறவங்களுக்கு. கவனிங்க, இதுல சர்ஜரிக்கு முன்னாடி கீமோ கெடையாது. ஒரே மருந்து, குடுக்குற நேரம் மாறினதும் ரிசல்ட் மாறிடுச்சு.

ஆனா விலை? முழு டோஸ் இம்யூனோதெரபி நம்மாளுங்கள்ல பெரும்பாலானவங்க நெனைச்சும் பாக்க முடியாதது. இங்கதான் எனக்கு மும்பை டாக்டருங்க மேல தனி மரியாதை. ஆபரேஷன் பண்ண முடியாம போனவங்களுக்கு, விலை கம்மியான மாத்திரை கீமோவோட நிவோலுமாப வழக்கமான 240 மில்லிகிராமுக்கு பதிலா மூணு வாரத்துக்கு ஒரு தடவை வெறும் 20 மில்லிகிராம் குடுத்து டாடா மெமோரியல்ல டெஸ்ட் பண்ணாங்க, 151 பேரு. ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க மாத்திரை மட்டும் வாங்கினவங்கள்ல 16.3 சதவீதம், 20 மில்லிகிராம் சேந்தவங்கள்ல 43.4 சதவீதம். இது சர்ஜரிக்கு முன்னாடி குடுத்தது இல்ல, அத கலந்துக்க வேண்டாம், ஆனா சின்ன டோஸும் வேல செய்யும்னு காட்டினது இது.

ஃபாரம் விஷயத்துக்கு வர்றேன். தமிழ்லயே குடுத்தாங்க, இருபது பக்கத்துக்கு மேல, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ கையெழுத்து. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சிட்டு வாங்கன்னு சொன்னாங்க, அப்படி சொல்லலன்னா நீங்களே கேளுங்க, அன்னைக்கே கையெழுத்து போடணும்னு எந்த சட்டமும் இல்ல. எப்ப வேணா வெளிய வந்துடலாம், வந்தாலும் வழக்கமான வைத்தியம் நிக்காது. டிரையலால உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா இலவசமா வைத்தியம், நஷ்ட ஈடு எல்லாம் 2019ல வந்த விதிகள்லயே இருக்கு. இந்தியால நடக்குற டிரையல முன்கூட்டியே அரசாங்க பதிவேட்டுல போடணும், யார் வேணா தேடிப் பாக்கலாம், அந்தப் பதிவு நம்பர கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

அப்புறம் மறக்காம கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: கீமோ ஓடுறப்பவே கட்டி வளந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க? ஏன்னா சிலருக்கு வளரும், அப்போ சர்ஜரிக்கு இருந்த கதவு மூடிடக் கூடாது. எத்தனாவது தடவைக்கு அப்புறம் ஸ்கேன், யாரு பாப்பாங்க, சர்ஜரி தேதி இப்பவே எழுதி வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. இம்யூனோதெரபி பக்கம்னா தைராய்டு, நுரையீரல், குடல், ஈரல்னு நம்ம அணுக்களே நம்மளத் தாக்குற விளைவு வரலாம், நிப்பாட்டின பிறகும் வரலாம், அதனால மூச்சு வாங்குனாலோ பேதி நிக்கலன்னாலோ யாருக்கு போன் பண்ணணும்னு ஒரு நம்பர் கைல இருக்கணும். எதுக்கெல்லாம் அவங்க காசு, எதுக்கெல்லாம் நம்ம காசுங்கிறதையும் பச்சையா கேட்டுடுங்க, கூச்சப்படாதீங்க, மருந்து அவங்களுது, ஸ்கேன் நம்மளதுன்னு கடைசில தெரிஞ்சா வீடு ஆடிப் போயிடும்.

மாமா நாலு நாள் யோசிச்சு கையெழுத்து போட்டார். கம்ப்யூட்டர் அவரப் போட்டது வெறும் கீமோ குரூப்ல. மச்சான் ரெண்டு நாள் சாப்பிடல. மூணு தடவை கீமோ, மூக்கு வழியா டியூப் போட்டு அத்தை கஞ்சிய வடிகட்டி வடிகட்டி ஏத்துனாங்க, அப்புறம் சர்ஜரி, தாடைல மேல் விளிம்ப மட்டும் எடுத்தாங்க, அது கீமோவாலதானான்னு ஒரு ஆளை வெச்சு சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். அப்புறம் ரேடியேஷன்.

இப்போ செக்கப் போறப்பல்லாம் டிரையல் பொண்ணு ஒரு சின்ன ஸ்கேல வெச்சு அவரு வாய் எத்தன மில்லிமீட்டர் தொறக்குதுன்னு அளந்து எழுதிக்குது. போன தடவை அளந்து முடிச்சதும் மாமா, "ஏம்மா, அந்த இன்னொரு மருந்து போட்டவங்கல்லாம் எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டார், அரைகுறை ஹிந்திலதான். இன்னும் கணக்க பிரிச்சுப் பாக்கலைங்க, கடைசியா சேந்தவருக்கு ரெண்டு வருஷம் முடியணும், நீங்க எல்லாரும் விடாம வந்தாதான் பாக்க முடியும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. மாமா தலைய ஆட்டிட்டு என்னப் பாத்து "அடுத்த தேதி என்னைக்கு மாப்ள, எழுதி வெச்சுக்கோ"ன்னார்.